சரியாக வந்தால் நம்பாதவர்

"இது அந்தக் குழந்தையோட ரத்தம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரு சின்னக் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். லேபிள் இருக்கிறதே என்றேன்.

"லேபிளை ஒட்டினது யாரு?"

"வார்டு நர்ஸ்."

"அவங்க ஒட்டும்போது நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் எந்த மருத்துவரும் வார்டுக்குப் போய் லேபிள் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதைச் சொன்னதும் மெல்லத் தலையாட்டினார். ஏதோ ஒரு குற்றத்தை நான் ஒப்புக்கொண்டது போலவும், அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போலவும் இருந்தது அந்தத் தலையாட்டல். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் "என்கிட்ட கேட்டீங்களா?" என்பார். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். மருத்துவர் இல்லை, இயற்பியல் படித்தவர். ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்திலிருந்து எங்கள் மருத்துவமனையின் பெரிய டாக்டர் அவரை அழைத்து வந்திருந்தார். கூடவே ஒரு வேனில் அவருடைய இயந்திரமும் வந்தது. தரைத்தளத்தில் பழைய எக்ஸ்ரே அறையை அதற்கு ஒழித்துக் கொடுத்தோம்.

எதற்காக வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையான செல்கள். ஆனால் உள்ளே எந்த மரபணு உடைந்து எதோடு போய் ஒட்டிக்கொண்டது என்பதைப் பொறுத்து அது பல வகை. ஒரு வகைக்கு வழக்கமான மருந்துகளே போதும், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுவார்கள். இன்னொரு வகைக்கு அதோடு தினமும் ஒரு மாத்திரையும் சேர வேண்டும். சேராவிட்டால் நோய் திரும்பிவிடும். எங்களுக்குள் பேசும்போது முதலாவதை நல்ல வகை என்போம், இரண்டாவதைக் கெட்ட வகை. எது என்று தெரிய, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்ததை மரபணுப் பரிசோதனைக்கு வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மேடத்தின் இயந்திரம் அந்தக் காத்திருப்பை ஒரு மத்தியான நேரமாகக் குறைக்கும் என்றார்கள். ஒரு செல்லின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார். போன ஒளியில் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பி வரும். துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தச் செல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வகை ஏற்கெனவே தெரிந்த ரத்தங்களை நிறையக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டால், வகை தெரியாத ரத்தத்தைக் காட்டும்போது அதுவே சொல்லிவிடும். ரத்தங்களைக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. நல்ல வகை அடிக்கடி வரும், அதை அன்றன்றைக்குப் புதிதாகவே கொடுத்தேன். கெட்ட வகை குழந்தைகளுக்கு அபூர்வம். அதற்காகப் பல வருஷங்களாக ஃப்ரீசரில் உறைய வைத்துச் சேர்த்திருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

அவருடைய சந்தேகம் பரிசோதனைக் கூடத்தோடு நிற்கிற சங்கதி இல்லை. அவர் வீடு சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், மாதா கோயிலின் மணி கேட்கும் தூரத்தில். நான் வேளச்சேரியிலிருந்து ரயிலில் வந்து திருமயிலையில் இறங்குகிறவள். சில மாலைகளில் ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்து நடப்போம். வழியில் மாட வீதியில் காய் வாங்குவார். கைப்பையில் எப்போதும் பிரிக்காத அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட் ஒன்று இருக்கும். காய்காரரிடம் அதை நீட்டி, முதலில் இதை நிறுத்துக் காட்டுங்கள் என்பார்.

"இன்னாம்மா, இருவது வர்சமா இங்கதான் கட போட்டுக்கினு கீறேன். என்னிய திருடன்னு சொல்றியா?" என்றார் காய்காரர் ஒருநாள்.

"உன்னை இல்லப்பா. தராசைத்தான் சொல்றேன்."

"தராசு என்துதானம்மா?"

மேடம் தராசை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டார். தராசு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் சர்க்கரைப் பாக்கெட்டை நீட்டினார்.

அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர், சிரித்த முகம். கிறிஸ்துமஸுக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் சொன்னார்: "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி பங்குச் சாமியார்கிட்ட விசாரிச்சா. எல்லாரும் செய்றதுதான். இவ எங்க தெரு இஸ்திரிக்காரர்கிட்டயும் போய் விசாரிச்சிருக்கா."

"அவர் என்ன சொன்னாராம்?"

"சட்டைப் பையில சிகரெட் தூள் இருந்ததே இல்லன்னாராம்."

மேடம் சமையலறையிலிருந்து, "சாமியார் உங்களைப் பத்தி நல்லதாவே சொன்னார். அதான் போனேன்" என்றார்.

அதுதான் அவர். கெட்ட செய்தியை அப்படியே வாங்கிக்கொள்வார். நல்ல செய்தி வந்தால்தான் முகம் சுருங்கும். மகனுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்தது என்று வீடே கொண்டாடியபோது, கல்லூரிக்குப் போன் போட்டு அதே பெயரில் வேறு பையன் யாராவது இருக்கிறானா என்று கேட்டாராம்.

அதனால் இயந்திரம் நன்றாக வேலை செய்யத் தொடங்கியபோது அவருக்கு வந்த கலவரம் எங்களுக்குப் புரியவில்லை. நான் கொடுத்த குப்பிகளில் எண் மட்டும்தான் இருக்கும், வகை இருக்காது. இயந்திரம் ஒவ்வொன்றாகப் பார்த்து நல்ல வகை, கெட்ட வகை என்று சொல்லும். பிறகு நான் என்னிடம் இருக்கும் முடிவோடு ஒப்பிடுவேன். அநேகமாகத் தவறே இல்லை. பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவமனைக் கூட்டத்தில் மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "இவ்வளவு சரியா வர்றது எனக்குப் பிடிக்கல" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பொன்னாடையை மடித்துக்கொண்டே கீழே இறங்கினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அதற்குப் பிறகுதான் குப்பிகளில் ரத்தம் குறைய ஆரம்பித்தது.

நான் மாலையில் வைத்துவிட்டுப் போன அளவு காலையில் இருக்காது. முதலில் என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பிறகு எண்களும் குழம்பின. நான் கொடுக்காத ஓர் எண் அவருடைய தட்டில் இருந்தது. அட்டெண்டர் ஒருநாள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டாக்டரம்மா, அந்த மேடம் ஐஸ் பொட்டி ஒண்ணை கார்ல வெச்சினு போச்சு. இன்னா மேடம்னு கேட்டா மொறைக்குது."

அப்போது ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இயந்திரத்தைப் பற்றிக் கேட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பேச்சும் இந்த ஐஸ் பெட்டியும் என் மனதில் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன; ரத்தத்தை அவர்களுக்குக் கொடுக்கிறாரோ என்று தோன்றியது. ஆராய்ச்சிக்குப் பெற்றோர் நம்பிக் கொடுத்த ரத்தம் அது. மறுநாள் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"குப்பியில ரத்தம் குறையுது மேடம். யாராவது எடுக்கறாங்களா?"

"நான்தான் எடுக்கறேன்."

"எதுக்கு?"

"இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க வேலை செய்யற விதம் மாறிடும்."

"வெளியில கொண்டுபோறீங்களாமே?"

"ஆமா. எங்க லேபுக்கு."

ஒளிக்காமல் சொன்னார், ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பெரிய டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று நான் சில நாள் தவித்தேன். அதற்குள் மேடமே என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திரையைக் காட்டினார்.

"இது நீங்க குடுத்த நல்ல வகை. புதுசா வெச்சுப் பார்த்தேன், நல்ல வகைன்னு சொல்லுது. அதுலயே கொஞ்சம் எடுத்து எங்க ஃப்ரீசர்ல உறைய வெச்சேன். திரும்ப உருக்கி வேற நம்பர் போட்டு வெச்சேன். இப்பப் பாருங்க."

திரையில் கெட்ட வகை என்று வந்திருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்ப இவ்வளவு நாளா..."

"ஃப்ரீசர்ல இருந்துச்சா இல்லையான்னு கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதை ரொம்ப நல்லாவே கண்டுபிடிச்சிருக்கு."

செல்லை உறைய வைத்து உருக்கினால் உள்ளே சில மாற்றங்கள் வரும். நான் கொடுத்த கெட்ட வகை எல்லாம் ஃப்ரீசரிலிருந்து வந்தவை, நல்ல வகை எல்லாம் புதியவை. மரபணுவைத் தேடிக் கஷ்டப்படுவானேன் என்று கம்ப்யூட்டர் சுலபமான வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"இதை என்கிட்ட சொல்லிட்டே செஞ்சிருக்கலாமே மேடம். என்னையும் சந்தேகப்பட்டீங்களா?"

"ஆமா. நம்பர் மட்டும் போட்டீங்க, சரி. ஆனா கெட்ட வகையெல்லாம் தட்டுல ஒரே பக்கமா அடுக்கித் தந்தீங்க. வேணும்னு செய்றீங்களான்னு பார்க்க வேண்டியிருந்தது."

"வேணும்னு செஞ்சேனா?"

"இல்ல. கைப்பழக்கம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. வெகுநாள் வரைக்கும் அவரோடு ஸ்டேஷனுக்கு நடப்பதை நிறுத்தியிருந்தேன்.

பெரிய டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நாலைந்து குப்பியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வேலையைத் தூக்கிப் போட முடியுமா என்றார். வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் பேச ஏற்பாடாகியிருந்தது. "சந்தேகப்படறது அவங்க சுபாவம். அதுக்கு மருந்து கிடையாது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். உள்ளூர நானும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்தக் குழந்தை வந்தது. ஆறு வயசு. தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மகள் குடிக்கும் தம்ளரை வேறு யாரையும் கழுவ விடமாட்டார். குழந்தை, மருந்து ஏறும் கம்பி முழுக்கப் பூ ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மஜ்ஜை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வழியில் கட்டிதட்டிப்போய்விட்டது, பரிசோதிக்க முடியவில்லை என்று தகவல் வந்தது. எங்களிடம் மிச்சம் இருந்தது சில துளிகள். இயந்திரத்துக்கு அது போதும், மரபணுப் பரிசோதனைக்குப் போதாது.

இயந்திரம் நல்ல வகை என்றது. பெரிய டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, பயப்படாதீர்கள், நல்ல வகைதான், குழந்தையை மறுபடி குத்த வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

மத்தியானம் கேன்டீனில் இதை மேடத்திடம் சொன்னேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வார்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா நடைபாதையில் நின்று யாருடனோ போனில் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை மேடம் காத்திருந்தார்.

"உங்க பொண்ணுக்கு எந்த வகைன்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க."

"பெரிய டாக்டர் நல்ல வகைன்னு சொன்னாங்களே."

"அவருக்கும் தெரியாது. அது என் மெஷின். அதை நானே நம்பல. திரும்பவும் மஜ்ஜை எடுத்து அனுப்பணும். மருந்து ஆரம்பிச்சாச்சு. இன்னும் சில நாள் போனா அனுப்பறதுக்கு நோய்ச் செல்லே மிஞ்சாது."

"யம்மா, நீங்க டாக்டரா?"

"இல்ல. பிசிக்ஸ்."

"அப்பம் எந்த உரிமையில வந்து சொல்லுதீங்க?"

அப்பா என்னைத் தனியாக அழைத்துப் போனார். முகம் கறுத்திருந்தது.

"டாக்டரம்மா, நெசத்தைச் சொல்லுங்க. இந்தம்மாவுக்கும் பெரிய டாக்டருக்கும் ஏதும் பகையா? எம்புள்ளைய நடுவுல வெச்சு அடிச்சுக்கிடுதாங்களா? இல்ல, இன்னொரு டெஸ்டு எழுதினா இவங்களுக்கு எதுவும் உண்டா?"

நானே மேடத்தை ஐஸ் பெட்டிக்காகச் சந்தேகப்பட்டவள்தானே. மேடம் தூரத்திலிருந்தே சொன்னார்: "என்னை நம்ப வேண்டாம். நாளைக்கு மத்தியானம் கீழ ரூமுக்கு வாங்க. நீங்களே பாருங்க."

மறுநாள் அப்பா வந்தார். வருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. மிச்சமிருந்த துளிகளில் பாதியை மேடம் முந்தின நாளே உறைய வைத்திருந்தார். உறையாத பாதியை முதலில் வைத்தார். அறை விளக்கை அணைத்ததும் திரை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நல்ல வகை என்று வந்தது. பிறகு உருக்கிய பாதி. இந்தமுறை காத்திருப்பு நீண்டதாகத் தோன்றியது. கெட்ட வகை.

அப்பா திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ரெண்டும் எம்புள்ள ரத்தந்தானே?"

"ரெண்டும் உங்க பொண்ணோடதுதான்."

"அப்பம் இதுல எது நெசம்?"

"அதைத்தான் நேத்துல இருந்து சொல்றேன். தெரியாது."

அவர் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். நேற்று முழுவதும் அவர் யார் யாருக்கெல்லாம் போன் செய்து நல்ல சேதி சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் இயந்திரத்தை அணைத்து, உறை போட்டு மூடினார். அரை மணி கழித்து அப்பா மேலே போய், திரும்பக் குத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

பெரிய டாக்டர் கோபத்தில் என்னோடும் பேசவில்லை. மஜ்ஜை எடுத்தார்கள். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், ஆனாலும் அடுத்த இரண்டு நாள் குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. மேடம் வார்டுப் பக்கம் போகவில்லை. காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு நேரா நடக்கறாளா?" என்று மட்டும் கேட்பார். நடக்கிறாள் என்று நான் சொன்னதும், அதையும் நர்ஸிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வார்.

முடிவு வரும்வரை அந்த அப்பா கடையைத் திறக்கவில்லை. வார்டு வாசலிலேயே இருந்தார். கடைசியில் முடிவு வந்தது. நல்ல வகை.

பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், "பார்த்தீங்களா மேடம், உங்க மெஷின் முதல்லயே சரியாத்தான் சொல்லிச்சு. நீங்கதான் நம்பல" என்றார்.

மேடத்தின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "குழந்தைக்கு நல்ல வகை. அது குழந்தையோட அதிர்ஷ்டம், டாக்டர். மெஷின் புதுசா வர்ற எல்லா ரத்தத்தையும் நல்ல வகைன்னுதான் சொல்லுது. நாளைக்குக் கெட்ட வகையோட ஒரு குழந்தை வந்தா அதுக்கும் இதையேதான் சொல்லும். அந்தக் குழந்தைக்கு மாத்திரை குடுக்காம விட்டுடுவீங்க."

சுற்றி நின்றவர்களில் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. நல்ல சேதி வந்த இடத்தில் அவர் இன்னமும் குறை சொல்லிக்கொண்டு நிற்பதாகத்தான் பட்டது.

அப்பாவுக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போகும் நாளன்று என்னிடம் சொன்னார்: "நல்ல வகைதானேன்னு நிம்மதியா இருந்தவனை இழுத்துப் போட்டு இத்தனை நாளும் உசுரை எடுத்துட்டாங்க. எம்புள்ளைக்கு ஒரு குத்து கூட. எதுக்கு? கடைசியில அதேதானே வந்துது. அந்தம்மாவை நான் மன்னிக்க மாட்டேன் டாக்டரம்மா." லிஃப்டில் மேடம் ஏறியபோது அவர் இறங்கிப் படியில் நடந்து போனார். அதை மேடமும் பார்த்தார்.

"கோபமா இருக்கார்" என்றேன்.

"இருக்கட்டும். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்காகக் கேட்கச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் மேடம் தன் பெயரை மாநாட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அதுவரை வந்த முடிவுகள் எதையும் நம்ப வேண்டாம் என்று ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுத்தவர்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் தானே தெரிவித்தார். மருத்துவமனை அவரோடு இருந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. வந்த மாதிரியே ஒரு வேனில் இயந்திரம் போயிற்று. அட்டெண்டர்தான் கூட நின்று ஏற்றிக் கொடுத்தார். பழைய எக்ஸ்ரே அறையில் நாற்காலிகளை அடுக்கி வைத்தார்கள்.

அவர் தன் லேபிலேயே முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பல இடங்களிலிருந்து ரத்தம் வாங்கினார். நல்லதோ கெட்டதோ எல்லாவற்றையும் ஒரே மாதிரி உறைய வைத்து ஒரே மாதிரி உருக்கினார். யார் எந்த வரிசையில் அடுக்குவது என்பதைக்கூடச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார். சனிக்கிழமைகளில் நான் போய் உதவினேன். பழைய மனத்தாங்கல் போய்விட்டதா என்றால் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து குப்பியைத் திறக்கும்போது அவர் பார்வை என் கை மேல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டது உறுத்தியதைவிட, எங்கள் மருத்துவமனையில் என்னை யாருமே சந்தேகப்படாமல் இருந்தது அந்த நாட்களில் அதிகமாக உறுத்தியது.

ரொம்ப காலம் பிடித்தது. ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போதே, "டாக்டர், இப்ப தப்புப் பண்ணுது" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. புதிதாகப் பழக்கிய இயந்திரம் பழையதைப் போல் அசத்தவில்லை. சில ரத்தங்களில் சரியாகச் சொன்னது, சிலவற்றில் தடுமாறியது, இரண்டு வகைகளை ஒன்றோடொன்று குழப்பியது.

"இதுல சந்தோஷப்பட என்ன மேடம் இருக்கு?"

"எங்க தப்புப் பண்ணுதுன்னு இப்பத் தெரியுது. அது நிஜமாவே செல்லைத்தான் பார்க்குது. அதனாலதான் கஷ்டப்படுது." அன்று எங்கள் இருவருக்கும் அவரே போய்க் காபி வாங்கி வந்தார்.

இப்போது அவருடைய இயந்திரம் ஒளியைப் பார்த்துச் சொல்வதை மரபணுப் பரிசோதனையின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். தனியாக அதை நம்பி யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. கொடுக்க அவர் விடமாட்டார். நானும் ஆழ்வார்பேட்டையை விட்டு வேறு மருத்துவமனைக்கு வந்துவிட்டேன். அவரும் மகனோடு இருக்கலாம் என்று கணவருடன் வெளியூர் போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். நான் சௌக்கியம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார்.

போன மாதம் அந்தப் பாத்திரக் கடைக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், கைப்பந்து ஆடுகிறாள் என்று போனில் படம் காட்டினார். பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க கொழுந்தியா மகனுக்கு இதே நோவு டாக்டரம்மா. நாலு வயசு. ஊர்ல ஒரு ஆசுபத்திரியில சேர்த்திருக்கு. நல்ல வகை, பயப்படாதீங்கன்னு சொல்லுதாங்களாம். எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்கு."

"ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லுங்க, நான் பார்க்கறேன்."

"நீங்க பாருங்க. ஆனா அந்தம்மா நம்பர் வேணும். சந்தேகப்படுவாங்களே, அவங்க."

"அவங்க நல்ல சேதியா எதுவும் சொல்ல மாட்டாங்களே."

"தெரியும். எது தெரியும், எது தெரியாதுன்னு பிரிச்சுச் சொல்லுவாங்கல்லா. அது போதும்."

நம்பரைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பதிந்துகொண்டார். "அவங்க மேல இருந்த கோபம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"போகலை" என்றார். "அது பாட்டுக்கு இருக்கு." எழுந்து நடைபாதைக்குப் போய், ஜன்னலோரமாக நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டார்.